உண்ணிச்செடியை உங்கள் வாசலிலேயே நிறுத்துங்கள்: நாற்றுப்பண்ணை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்



இந்த மடல் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். லான்டானா என்று பெயர் எழுதி நீங்கள் விற்கும் செடியை இனி கட்டிங் போடாதீர்கள், வெளியூர்ப் பண்ணைகளிலிருந்து வாங்கி விற்காதீர்கள். மஞ்சள், சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை என எந்த நிறமானாலும், விதை வைக்காத ரகம் என்று சொல்லி வந்தாலும் இது பொருந்தும். நீலகிரியிலும் கொங்கு மலையோரங்களிலும் உண்ணிச்செடி என்றும், இலங்கையில் நாயுண்ணி என்றும் சொல்லப்படும் புதர்தான் இது. நர்சரியில் சின்ன கவரில், கத்தரித்த வடிவத்தில், கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும்போது காட்டில் பார்த்த முட்புதரோடு அதைப் பலரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் அறியாமல் வாங்கலாம். விற்கும் நீங்கள் செடியை வேரிலிருந்து அறிந்தவர்கள். அதனால்தான் இதை வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தச் செடி ஏன் விற்கிறது என்பதை முதலில் நேராக ஒப்புக்கொண்டுவிடலாம். நம்முடையதைப் போன்ற வெப்பமான ஊருக்கு இதைவிட எளிதாக வளர்ந்து நிறம் காட்டும் புதர் கிடைப்பது அரிது. பென்சில் பருமன்கூட இல்லாத தண்டை வெட்டி மணலில் குத்தினால் சில வாரங்களில் வேர் பிடிக்கிறது. செம்மண், கரிசல், சரளை எதிலும் நிற்கிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் மறந்தாலும் வாடி மீண்டும் தழைக்கிறது. இலையைக் கசக்கினால் வரும் நெடியால் ஆடு மாடு நெருங்குவதில்லை. உறைபனி இல்லாத இடத்தில் ஆண்டு முழுவதும் பூக்கிறது. ஒரே கொத்தில் இரண்டு மூன்று நிறம் தெரிவது அதன் பெரிய கவர்ச்சி. மொட்டு விரியும்போது மஞ்சளாக இருக்கும் பூ, மகரந்தச் சேர்க்கை நடந்தபின் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் மாறுகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மோகன் ராமும் கீதா மாத்தூரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நிறமாற்றத்தைத் தூண்டுவது மகரந்தச் சேர்க்கையே என்று காட்டியது. மஞ்சள் பூவில் இன்னும் தேன் உண்டு, சிவந்த பூவில் வேலை முடிந்துவிட்டது என்று பூச்சிக்குச் சொல்லும் ஏற்பாடு அது. வாடிக்கையாளர் ரசிக்கும் அந்த வண்ணக்கலவை, செடி காய்க்கத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளமும்கூட.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நீங்கள் பாராட்டும் ஒவ்வொரு குணமும் காட்டில் அதே வேலையைச் செய்கிறது. தண்டு எளிதில் வேர்விடுவதால் வெட்டிப் போட்ட இடத்திலும் முளைக்கிறது. எந்த மண்ணிலும் நிற்பதால் ஆற்றங்கரையிலும் பாறைச்சரிவிலும் ஏறுகிறது. கால்நடை தின்னாததால் மேய்ச்சல் நிலத்தில் மற்றதெல்லாம் தேய, இது மட்டும் பெருகுகிறது. ஆண்டு முழுவதும் பூப்பதால் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. ஒரு நல்ல புதர் ஆயிரக்கணக்கில் பழம் தருகிறது. கருநீலமாகப் பழுக்கும் அந்தச் சிறு பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் விரும்பித் தின்று, விதையைத் தொலைவில் எச்சத்தோடு விடுகின்றன. காம்பவுண்டுச் சுவர் கட்டிய வீட்டுக்குள் வைத்தாலும் விதை அந்தச் சுவருக்குள் நிற்கப் போவதில்லை.

காட்டில் இருப்பது வேறு ஏதோ காட்டு ரகம், நாம் விற்பது தோட்ட ரகம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு இதை முற்றிலும் மறுக்கிறது. இந்தச் செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுக்காரர்கள் அதைப் பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியக் கண்ணாடிக் குடில்களில் நர்சரிக்காரர்கள் ஒன்றோடொன்று கலந்து புதுப்புது நிறங்களை உண்டாக்கினார்கள். இன்று உலகில் 600-க்கும் மேற்பட்ட ரகப் பெயர்கள் புழங்குகின்றன. அந்தக் கலப்பினங்கள்தான் கப்பலேறி வெப்ப நாடுகளின் தாவரவியல் தோட்டங்களுக்கு வந்தன. இந்தியாவுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரவியல் தோட்டம் வழியாக வந்தது, இலங்கைக்கு 1826-இல் பேராதனைத் தோட்டம் வழியாக. ஹவாய்த் தீவுகளுக்கு 1858-இல் அழகுச்செடியாகப் போனது. ஆஸ்திரேலியாவுக்கும் 1840-களில் தோட்டச் செடியாகவே போய்ச் சேர்ந்தது. எங்கும் கதை ஒன்றுதான்: முதலில் பாத்தி, பிறகு வேலி, பிறகு காடு. இதை யாரும் காட்டில் விதைக்கவில்லை. அழகுக்காக ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துக்கொண்டே போனார்கள், அவ்வளவுதான். உலகின் மிகக் கேடான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று ஐ.யு.சி.என். அமைப்பு தொகுத்த பட்டியலில் இன்று அது இடம்பெற்றிருக்கிறது.

நம் காடுகளின் நிலையைச் சொல்ல ஒரு கணக்குப் போதும். நினாத் முங்கி, கமர் குரேஷி, ஜாலா ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப்பகுதிகளில் 1,54,000 சதுர கிலோமீட்டரில், அதாவது 40 சதவீதத்துக்கும் மேலான பரப்பில், உண்ணிச்செடி பரவியிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். நமக்கு மிக அருகில், கர்நாடகப் பக்கம் பிலிகிரிரங்கன் மலையில் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் ஒரே இடங்களை 1997-இலும் 2008-இலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செடி காணப்பட்ட இடங்களின் பங்கு அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. முதுமலை, சத்தியமங்கலம், பந்திப்பூர் என்று தொடரும் இந்தக் காடுகள் யானை, காட்டெருமை, புள்ளிமான் ஆகியவை புல்லை நம்பி வாழும் காடுகள். ஆள் உயரத்துக்கும் மேலே அடர்ந்த உண்ணிப்புதரின் அடியில் வெளிச்சம் விழுவதில்லை, புல் முளைப்பதில்லை, மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை. கோடையில் அதே புதர் காய்ந்து தீக்கு ஏணியாகிறது, தரையில் ஓடி அணைய வேண்டிய நெருப்பு மரக்கிளை வரை ஏறுகிறது.

பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடி மக்களான சோலிகர்கள் இதைப் பற்றிச் சொல்வதையும் கேட்க வேண்டும். அந்த மலையில் தலைமுறைகளாக வாழ்ந்த அவர்கள், கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் லேசாகத் தீ வைக்கும் வழக்கம் கொண்டிருந்தவர்கள். அந்த வழக்கம் தடுக்கப்பட்டபின்தான் உண்ணி கட்டுமீறியது என்பது அவர்கள் விளக்கம். ஆய்வாளர்கள் பலரும் அதைப் பொருட்படுத்தத் தக்கதாகவே கருதுகிறார்கள். ஆகவே, காடு இந்த நிலைக்கு வந்ததற்கு நர்சரிகள் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. காட்டு நிர்வாகம், மேய்ச்சல், மரம் வெட்டியது, தீயைத் தடுத்தது எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஆனால் அந்தக் காரணங்களில் ஒன்றைக்கூட ஒரு தனி மனிதர் நாளைக் காலையில் மாற்ற முடியாது. புதிய செடியை அனுப்புவதை மட்டும் மாற்றலாம், அதுவும் உங்களால் மட்டும்.

அகற்றுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால், தடுப்பதன் மதிப்பு தெரியும். களைச்செடி ஒன்றைப் பூச்சிகளை விட்டு அடக்க உலகில் நடந்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று இந்தச் செடி மீதுதான் நடந்தது. 1902-இல் மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைச் சேகரித்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவுக்கு 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் இலைச்சாறு உறிஞ்சும் பூச்சி தருவிக்கப்பட்டது. இன்றுவரை உலகெங்கும் ஏறத்தாழ நாற்பது வகைப் பூச்சிகளும் பூஞ்சைகளும் முயன்று பார்க்கப்பட்டுவிட்டன. சில இடங்களில் செடி தளர்ந்தது. எங்கும் முழுமையாக அடங்கவில்லை. காரணம் மறுபடியும் நர்சரிதான். பலவகைக் கலப்பில் பிறந்த செடி என்பதால் ஒரு ரகத்தைத் தின்னும் பூச்சி அடுத்த ரகத்தைத் தொடுவதில்லை. வெட்டி எறிந்தால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அதிகக் கிளையோடு துளிர்க்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு உருவாக்கிய முறையில், தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே மண்ணுக்குள் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது பலன் தருகிறது. ஆனால் ஒவ்வொரு புதருக்கும் ஓர் ஆள் குனிந்து வெட்ட வேண்டும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து விதையிலிருந்து முளைத்ததைப் பிடுங்க வேண்டும், காலியான இடத்தில் புல்லும் மரமும் வளர்த்தெடுக்க வேண்டும். இத்தனை உழைப்புக்கு எதிரே, ஒரு தாய்ச்செடியிலிருந்து கட்டிங் எடுக்காமல் விடுவதற்கு ஆகும் செலவு எதுவுமில்லை.

"காடெல்லாம் ஏற்கெனவே நிறைந்துவிட்டதே, நான் விற்கும் நூறு கவரால் என்ன கூடிவிடப் போகிறது?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, செடி இன்னும் போகாத இடங்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கின்றன. தனித்தனியாக நிற்கும் சிறு குன்றுகள், கோயில் காடுகள், ஏரிக்கரைகள், சமவெளியின் முட்காடுகள், செலவு செய்து இப்போதுதான் சுத்தம் செய்யப்பட்ட மலைச்சரிவுகள் எல்லாம் இதில் அடங்கும். உங்கள் வண்டி போகும் ஊர்கள் அவற்றின் ஓரத்தில்தான் இருக்கின்றன. ஏற்காடு, கொடைக்கானல், வால்பாறை, கூடலூர் போன்ற ஊர்களில் ரிசார்ட்டுக்கும் பங்களாவுக்கும் போகும் செடிக்கும் காட்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு கம்பிவேலி மட்டுமே உண்டு. இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு புதிய தோட்ட ரகமும் காட்டிலுள்ள கூட்டத்துக்குப் புதிய மரபணுவைக் கொண்டுபோகிறது. குளிரைத் தாங்கும் ரகம், நிழலில் பூக்கும் ரகம், பூச்சி தொடாத ரகம் என்று தேர்ந்தெடுத்து வளர்த்த குணங்கள் காட்டுச் செடியோடு கலந்தால், அது இதுவரை ஏறாத உயரத்துக்கும் ஏறும், இதுவரை அஞ்சிய பூச்சிக்கும் அஞ்சாது. எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இது பெரிய கேடு.

விதை வைக்காத ரகம் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது பொய்யான வாதம் அல்ல. டெல்லி கனகாம்பரத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அது விதை வைப்பதில்லை, தண்டுக்குச்சியால் மட்டுமே பெருக்க முடிகிறது. அதன் உயிரணுவில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிக்குப் பதிலாக மூன்று தொகுதிகளாக இருப்பதே காரணம். மூன்று தொகுதிகள் சரிசமமாகப் பிரிய முடியாததால் விதை உருவாவதில்லை. லான்டானாவிலும் அதே வழியில் மலட்டு ரகங்களை உண்டாக்க முடியும். அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஜானாவ் டெங், சாண்ட்ரா வில்சன் ஆகியோரின் குழு பல ஆண்டுகள் உழைத்து அப்படிப்பட்ட ரகங்களை வெளியிட்டது. ஆனால் அவர்கள் உழைப்பு கற்றுத்தரும் பாடத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சந்தையில் விற்கப்படும் ரகங்களைச் சோதித்தபோது, மலடு என்று நம்பப்பட்ட பலவற்றில் பழமோ உயிருள்ள மகரந்தமோ இருந்தது. பழம் காய்க்காத செடிகூட மகரந்தம் கொடுத்தால் போதும், பக்கத்திலிருக்கும் காட்டுச் செடி அதை வாங்கிக் காய்க்கும். ஃபுளோரிடாவில் அந்த மண்ணுக்கே உரிய அரிய லான்டானா இனம் ஒன்று இப்படிக் கலந்தே அருகிவருகிறது. ஆகவே ஒரு ரகம் மலடா என்பதைப் பழத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், குரோமோசோமை எண்ண வேண்டும், பல இடங்களில் பல பருவம் வளர்த்துப் பார்க்க வேண்டும். நம்மிடம் வரும் கவரில் ரகத்தின் பெயர்கூட இருப்பதில்லை. ஆந்திரத்தின் கடியத்திலிருந்து லாரியில் வரும் நூறு செடியில் எது எந்த ரகம் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? சோதித்துச் சான்று பெற்ற ரகம் ஒருநாள் இங்கே வந்தால் அன்று பேசிக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்கச் சட்டம் அந்த வழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது, விதை தரும் லான்டானா முழுவதையும் அது தடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இன்னும் ஒருபடி மேலே போய், தரையில் படரும் ஊதாப்பூ லான்டானா உட்பட அந்தப் பேரினம் முழுவதையும் விற்பனையிலிருந்து விலக்கியிருக்கிறது. எனக்கு இரண்டாவது வழியே நம் நிலைமைக்கு ஏற்றதாகப் படுகிறது. சோதிக்கும் வசதி பரவலாக இல்லாத இடத்தில் நுணுக்கமான விதிவிலக்குகள் ஏமாற்றுக்குத்தான் வழிவிடும்.

அடுத்தது வண்ணத்துப்பூச்சி. லான்டானா வைத்தால் வண்ணத்துப்பூச்சி வரும் என்று சொல்லித்தான் பள்ளிகளுக்கும் பூங்காக்களுக்கும் இது போகிறது. வருவது உண்மைதான், தேன் குடிக்க வருகின்றன. ஆனால் வண்ணத்துப்பூச்சி பெருக வேண்டுமானால் முட்டையிடவும் புழு தின்னவும் இலை வேண்டும். நம் ஊர் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களுக்கு லான்டானா இலை உணவாவதில்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் எருக்கும் ஆவாரையும் அந்த வேலையைச் செய்கின்றன. காட்டில் உண்ணிப்புதர் அடர்ந்த இடத்தில் இப்படிப் புழுவை வளர்க்கும் சிறு செடிகளே இல்லாமல் போகின்றன. தேன் வேண்டுமென்றால் வெட்சி தருகிறது. காய்ந்து சலசலக்கும் கிலுகிலுப்பைச் செடியின் சாற்றை உறிஞ்ச ஆண் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு லான்டானா தேவைப்படாது.

வெளிநாட்டுச் செடி என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். மிளகாய் வெளிநாட்டிலிருந்து வந்தது, கொய்யா வந்தது, காகிதப்பூவும் பிரேசிலிலிருந்துதான் வந்தது. ஒரு செடி எங்கே பிறந்தது என்பதைவிட இங்கே எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி. காகிதப்பூ நம் ஊரில் விதை கட்டுவது அரிது, பறவை தின்னும் பழம் அதற்கு இல்லை, ஆகவே நட்ட இடத்தில் நிற்கிறது. விஷத்தைப் பற்றிப் பேசினால் அரளியும் விஷம்தான் என்பார்கள். உண்மை. ஆனால் அரளியின் விஷம் ஊரறிந்தது, அரளி காட்டை மூடியதும் இல்லை. உண்ணிச்செடியின் இலையில் உள்ள லான்டடீன் என்ற நஞ்சு மாட்டின் கல்லீரலைத் தாக்குகிறது, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்து உரிகிறது. மேய்ச்சல் அற்றுப்போன வறட்சிக் காலத்தில், வேறு வழியின்றி அதைத் தின்னும் ஏழை விவசாயியின் மாடுதான் இதற்கு இரையாகிறது. அழகுக்கு வந்த இன்னும் இரண்டு செடிகளின் கதையையும் நினைத்துப் பாருங்கள். பூவுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடியது. சாலையோர அழகுக்கு நட்ட மஞ்சக்கொன்னை முதுமலையில் காடாகப் பெருகி, இப்போது அரசு அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

உண்ணிக்குச்சியில் நாற்காலியும் கூடையும் செய்கிறார்களே, யானை உருவம்கூடச் செய்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். மாதேஸ்வரன் மலையில் சோலிகர்களும், கூடலூர்ப் பகுதியில் பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர் மக்களும் செய்யும் வேலை மிகச் சிறப்பானது. அவர்கள் கையால் உருவான முழு அளவு யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களிலும், 2024 முதல் அமெரிக்க நகரங்களிலும் நின்றன. அந்தக் கைவினைக்கு இனி யாரும் செடி நட்டுத் தர வேண்டியதில்லை, காட்டில் இருப்பதே பல தலைமுறைக்குப் போதும்.

இனி உங்கள் வருமானத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது தீராமல் மேலே சொன்னது எதுவும் நடக்காது. லான்டானாவின் இடத்தை ஒரே செடி நிரப்பாது. இடத்துக்கு ஒன்றாக மூன்று நான்கு செடிகள் நிரப்பும். பார்டருக்கும் தாழ்ந்த வேலிக்கும் வெட்சிதான் முதல் தேர்வு, இட்லிப்பூ என்று வாடிக்கையாளர் கேட்டு வாங்கும் அதே செடி. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது, ஆண்டின் பெரும்பகுதி பூக்கிறது, கத்தரித்தால் நெருக்கமாகிறது. அதைப் பற்றி வரும் ஒரே புகார் இலை மஞ்சளாவது. இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு கலந்த மண்ணிலும் போர்வெல் உப்புத் தண்ணீரிலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவரை ஒட்டி நடாதீர்கள், குழியில் மக்கிய இலையும் தொழுவுரமும் நிறையப் போடுங்கள், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள் என்று விற்கும்போதே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தப் புகார் பெரும்பாலும் வராது, வாடிக்கையாளரும் உங்களிடமே திரும்பி வருவார்.

சுட்டெரிக்கும் மொட்டைமாடிக்கும் சுற்றுச்சுவர் மேலேயும் காகிதப்பூ. இந்தியாவில் அதற்கு நல்ல மரபு உண்டு. கோதுமை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பி. பி. பால் காகிதப்பூவிலும் ரோஜாவிலும் புதிய ரகங்களை உருவாக்கியவர். வாங்கிய செடி பூக்கவில்லை என்று திரும்பி வருபவர்களில் பெரும்பாலோர் அதற்கு அதிகத் தண்ணீரும் யூரியாவும் கொடுத்தவர்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில், மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர், மழைக்காலம் முடிந்ததும் நல்ல கத்தரிப்பு ஆகியவைதான் அதற்கு வேண்டும். புதிதாக வரும் கிளையின் நுனியில்தான் பூ வரும் என்பதால் கத்தரிக்கத் தயங்கினால் பூ குறையும். லான்டானாவைவிட இதன் கட்டிங் வேர்விட அதிக நாள் பிடிக்கும், கவரில் கூடுதல் நாள் வைத்திருக்க வேண்டும். இது உங்களுக்கு உண்மையான செலவு, மறுக்கவில்லை. அதற்கேற்பக் கூடுதல் விலைக்கும் விற்கிறீர்கள்.

தண்ணீரே இல்லாத சரளை நிலத்துக்கு ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஊரே தேடும் பூ, நர்சரியில் மட்டும் கிடைப்பதில்லை என்பது வியப்பு. விதையின் தோல் கடினமானது, கொதித்து இறக்கிய வெந்நீரில் இரவு முழுவதும் ஊறவைத்தால் முளைப்பு கூடும். ஆணிவேர் சீக்கிரம் இறங்குவதால் ஆழமான கவரில் வளர்த்து, கையளவு உயரத்திலேயே விற்றுவிட வேண்டும். பெரிய செடியைப் பெயர்த்து நட்டால் பிடிப்பது கடினம். அரைநிழலுக்குக் கனகாம்பரம் இருக்கவே இருக்கிறது. வேரில் நூற்புழு விழுந்து செடி வாடுவதைத் தடுக்க நடும்போதே வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

"நான் நிறுத்தினால் பக்கத்து நர்சரிக்காரர் விற்பார்" என்பதுதான் கடைசியாக வரும் எதிர்ப்பு, அதிகம் உறைக்கும் எதிர்ப்பும் அதுவே. அதனால்தான் இந்த மடல் ஒருவருக்கு எழுதப்படாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதப்படுகிறது. நீங்கள் மாவட்டந்தோறும் சங்கமாகக் கூடுகிறீர்கள், ஒரே பண்ணைகளிலிருந்து கூட்டாகச் சரக்கு எடுக்கிறீர்கள், மலர்க் கண்காட்சிகளில் சேர்ந்து கடை போடுகிறீர்கள். ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போட்டி என்ற கவலை பாதி தீரும். ஊடுருவல் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. காட்டுக்குள் அகற்றும் வேலைக்குப் பொதுப்பணம் போகிறது. அதே மாநிலத்தின் சாலை நடுத்திட்டுக்கும் பூங்காவுக்கும் லான்டானா சப்ளை ஆவது பொருந்தாது. லேண்ட்ஸ்கேப் காண்ட்ராக்டர் கேட்கும் பட்டியலில் அது இருந்தால், அதே எண்ணிக்கைக்கு வெட்சியை எழுதிக் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நிறமும் உயரமும்தான் கணக்கு, செடியின் பெயர் அல்ல.

இந்தத் தீர்மானத்தை வடகிழக்கு மழை தொடங்கும் முன் எடுப்பது நல்லது, ஏனென்றால் உங்கள் விற்பனையும் விதை முளைப்பதும் அந்த மழையோடுதான் கூடுகின்றன. கையிருப்பில் உள்ள லான்டானாவை மலிவு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள், சும்மாவும் கொடுக்காதீர்கள். பழம் கருக்கும் முன்பே தாய்ச்செடியை வேரோடு பிடுங்குங்கள். ஏற்கெனவே பழம் இருந்தால் கொத்துகளை முதலில் கிள்ளிச் சாக்கில் கட்டி எரித்துவிடுங்கள். தண்டுகளை ஓடையோரத்திலோ சாலைப் பள்ளத்திலோ கொட்ட வேண்டாம், ஈரம் பட்டால் அங்கேயே வேர்விடும். சிமெண்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் சடக்கென்று முறியும் வரை வெயிலில் காயவிட்டு, பிறகு அடுப்புக்குப் போடலாம். செடி நின்ற பாத்தியை அடுத்த மழைக்குப்பின் ஒருமுறை, அதற்கடுத்த மழைக்குப்பின் இன்னொருமுறை பார்த்து, முளைத்திருக்கும் சிறு நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.

அன்புடன்,
தோட்டக்கலை பற்றி எழுதும் ஒருவர்